வேட்டை நாயின் டிராக்கிங் காலரை எந்த அளவு நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவிழ்த்துவிட்ட நாய் புதருக்குள் மறைந்ததும், அதற்கும் உங்களுக்கும் நடுவே மிஞ்சியிருப்பது அதன் கழுத்தில் கிடக்கும் காலர் ஒன்றுதான். அது எப்போது பேசும், எப்போது ஊமையாகும், ஊமையானால் என்ன செய்வது என்பதற்கான பதில்கள் இங்கே. ‘காலர்’ என்றால் முழுக் கருவி. ‘பட்டை’ என்றால் கழுத்தைச் சுற்றும் வார். ‘கைக்கருவி’ என்றால் உங்கள் கையில் இருக்கும் திரை.

திரையில் தெரியும் புள்ளிதானே நாய் நிற்கும் இடம்?

இல்லை. காலர் கடைசியாகச் செய்தி அனுப்பியபோது நாய் இருந்த இடம் அது. ஜிபிஎஸ் காலரில் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. முதலில், சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னலைப் பிடித்துத் தன் இடத்தைக் கணக்குப் போடுகிறது. பிறகு அந்த இடத்தை ரேடியோ அலையில் கைக்கருவிக்கு அனுப்புகிறது. முதல் வேலைக்கு வானம் தெரிய வேண்டும். இரண்டாவதுக்கு உங்களுக்கும் நாய்க்கும் நடுவே மலையோ மேடோ குறுக்கிடக் கூடாது. இரண்டில் எது அறுந்தாலும் புள்ளி பழைய இடத்திலேயே நிற்கும். பார்க்கிறவர் நாய் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

அதனால் புள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் அதன் வயதையும் பாருங்கள். கடைசிச் செய்தி வந்து எத்தனை நொடி, எத்தனை நிமிடம் ஆயிற்று என்பது எல்லா நல்ல கைக்கருவியிலும் எங்காவது இருக்கும். மணிக்கு 30 கிலோமீட்டரில் ஓடும் நாய் நொடிக்கு எட்டு மீட்டருக்குமேல் கடக்கிறது. 2.5 நொடிக்கு ஒருமுறை செய்தி வந்தால் புள்ளிக்கும் நாய்க்கும் ஏறக்குறைய 20 மீட்டர் இடைவெளி. 10 நொடியென்றால் 80 மீட்டர். 2 நிமிடமென்றால் ஒரு கிலோமீட்டர். நெடுஞ்சாலையோ ரயில் பாதையோ பக்கத்தில் இருக்கும் இடத்தில் இந்தக் கணக்கு உயிர்க் கணக்கு.

ஜிபிஎஸ் காலரா, பழைய ‘பீப்’ காலரா, எது நம்பகமானது?

‘பீப்’ காலர், அதாவது வெறும் ரேடியோ காலர், தன் இடத்தைச் சொல்லாது. ஒரே அலைவரிசையில் விட்டு விட்டுத் துடிக்கும். திசை ஆன்டெனாவைக் கையில் பிடித்து நீங்கள்தான் தேட வேண்டும். அதற்குச் செயற்கைக்கோள் தேவையில்லை, மின்சாரச் செலவும் மிகக் குறைவு. ஜிபிஎஸ் காலர் ஒன்றிரண்டு நாளில் சார்ஜ் தீர்ந்து அணையும். ரேடியோ காலர் ஒரே லித்தியம் பேட்டரியில் வாரக்கணக்கில், மாடலைப் பொறுத்து மாதக்கணக்கில் துடித்துக்கொண்டிருக்கும்.

வசதியில் ஜிபிஎஸ்ஸுக்கு ஈடில்லை. பத்து நாயைப் பத்துப் புள்ளியாகப் பார்க்கலாம், சாலையை நோக்கி ஓடுவது முன்கூட்டியே தெரியும். ஆனால் ஆழமான பள்ளத்தாக்குகள் நிறைந்த இடத்தில் நாயை விடுகிறவர்கள் இரண்டையும் சேர்த்து மாட்டுவது வீண் செலவாகாது. இரண்டும் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது அரிது.

பெட்டியில் 14 கிலோமீட்டர் என்று இருக்கிறது. இரண்டு கிலோமீட்டரிலேயே அறுந்துவிடுகிறதே?

பெட்டியில் இருப்பது ஒரு குன்றின் உச்சியிலிருந்து இன்னொரு குன்றின் உச்சிக்கான தூரம். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன, பூமியோ உருண்டை. தொடுவான தூரத்துக்கு எளிய சூத்திரம் உண்டு: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். நாயின் பிடரி 0.6 மீட்டர் உயரம் என்றால் 3.2 கிலோமீட்டர். மார்பளவில் பிடித்த கைக்கருவி 1.5 மீட்டர் என்றால் 5 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் மரமே இல்லாத சமதரையில்கூட எட்டு கிலோமீட்டர்தான் உச்சம். நடுவே ஈர இலையும் மரத் தண்டும் மண்மேடும் வந்தால் அது ஒன்றிரண்டு கிலோமீட்டராகச் சுருங்குவது இயல்பு. காலர் பழுது என்று திருப்பி அனுப்ப வேண்டாம்.

இதே சூத்திரம் உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். நாயின் உயரத்தை மாற்ற முடியாது, உங்களுடையதை மாற்றலாம். சுற்றுப்புறத்தைவிட 50 மீட்டர் உயர்ந்த மேட்டில் ஏறினால் உங்கள் பக்கத்துத் தொடுவானம் மட்டும் 29 கிலோமீட்டர். சிக்னல் அறுந்ததும் நாய் போன திசையில் பள்ளத்துக்குள் ஓடுவதைவிட, எதிர்த்திசையில் இருந்தாலும் மேடேறுவது பெரும்பாலும் சீக்கிரம் பலன் தரும்.

அதிக வாட் கொண்ட காலர் வாங்கினால் சரியாகிவிடுமா?

கொஞ்சம்தான். திறந்த வெளியிலேயே தூரம் இரு மடங்காக, சக்தி நான்கு மடங்காக வேண்டும். சக்தியை இரட்டித்தால் தூரம் 1.4 மடங்குதான் கூடும், பேட்டரியோ சீக்கிரம் தீரும். மலை குறுக்கே இருந்தால் எத்தனை வாட்டும் பெரிதாக உதவாது. அந்தப் பணத்துக்குக் கைக்கருவிக்கு நீளமான ஆன்டெனாவும், வண்டிக் கூரையில் காந்தத்தால் ஒட்டும் வெளி ஆன்டெனாவும் வாங்குவது மேல். வண்டியின் இரும்புக் கூடு சிக்னலை விழுங்கும். உள்ளே உட்கார்ந்து திரையைப் பார்த்து ‘நாயைக் காணோம்’ என்று பதறுகிறவர் கீழே இறங்கி நின்றாலே புள்ளி பல நேரம் திரும்பி வந்துவிடும்.

காலரில் முதலில் கெட்டுப்போவது எது?

ஆன்டெனா. அதற்கடுத்தது பேட்டரி, பிறகு சார்ஜ் ஏற்றும் முனைகள். உள்ளிருக்கும் மின்னணுப் பலகை தானாகப் பழுதாவது இவற்றோடு ஒப்பிட்டால் குறைவுதான்.

ஆன்டெனாவின் பழுது கண்ணுக்குத் தெரியாதது. வெளியுறை முழுசாக இருக்கும், உள்ளே கம்பி முறிந்திருக்கும். பெட்டியிலிருந்து ஆன்டெனா வெளிவரும் ரப்பர் கழுத்தைக் கட்டைவிரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். அந்த முதல் இரண்டு விரற்கடையில்தான், முள்ளிலும் கம்பி வேலியிலும் இழுபட்டு இழுபட்டு, ரப்பரில் மயிரிழை விரிசல் விழும். விரிசலில் தண்ணீர் இறங்கி, பிளந்து பார்த்தால் செம்பு பச்சைக் களிம்பு பூத்திருக்கும். இப்படிப்பட்ட காலர் 200 மீட்டர்வரை அருமையாக வேலை செய்யும், அதற்குமேல் ஊமை. வீட்டு முற்றத்தில் வைத்துச் சோதிக்கிறவருக்கு இது அகப்படவே அகப்படாது.

கூட்டமாக வண்டியில் ஏற்றும் நாய்கள் ஒன்றன் ஆன்டெனாவை ஒன்று கடிப்பதும் வழக்கம். நுனி போய்விட்டதே என்று மீதியைச் சீராக வெட்டிவிடாதீர்கள். ஆன்டெனாவின் நீளம் அலைநீளத்தோடு பொருந்த வேண்டும். 150 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 50 சென்டிமீட்டர், 217 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 35. நீளம் மாறினால் காலர் அனுப்பும் சக்தியில் ஒரு பங்கு வெளியேறாமல் திரும்பி வரும். மாற்று ஆன்டெனா ஒன்று பையில் இருக்கட்டும். திருகு மறையில் பொருத்தும் வகையானால் கையால் இறுக்கிய பிறகு ஸ்பேனரால் ஒரு சிறு திருப்பு போதும். மறை கிழிந்தால் பெட்டியையே மாற்ற வேண்டியிருக்கும்.

பேட்டரி 20 மணி நேரம் வரும் என்றார்கள். பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது, ஏன்?

மூன்று காரணங்களைப் பாருங்கள். ஒன்று, செய்தி இடைவெளி: விளம்பரத்தில் சொல்லும் நேரம் பெரும்பாலும் நீண்ட இடைவெளிக்கானது, 2.5 நொடியில் ஓட விட்டால் வெகுவாகக் குறையும். இரண்டு, குளிர்: லித்தியம் அயான் பேட்டரி உறைநிலைக்குக் கீழே தன் கொள்ளளவில் ஒரு பங்கை இழக்கும், வெப்பம் ஏறினால் திரும்பக் கொடுக்கும். குளிரில் கிடந்த காலரை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடவே கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். உள்ளே கொண்டுவந்து, கைக்குக் குளிர்ச்சி தெரியாத நிலை வந்தபின் செருகுங்கள்.

மூன்றாவது, வயது. மூன்று நான்கு ஆண்டு ஓடிய பேட்டரியின் காட்டி ‘60%’ என்று காட்டியபடியே திடீரென அணையும். இது கொடுமையான பழுது, ஏனென்றால் எச்சரிக்கையே இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை முழு சார்ஜில் தொடங்கி, அணையும்வரை எத்தனை மணி ஓடுகிறது என்று கடிகாரத்தில் பார்த்து, அந்த எண்ணைக் காலரின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். சென்ற ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் பேட்டரியை மாற்ற வேண்டிய நேரம். பேட்டரி உப்பி, மூடி மேலெழும்பியிருந்தால் அந்த நொடியே பயன்பாட்டை நிறுத்துங்கள்.

சீசன் முடிந்து எடுத்து வைக்கும்போது பாதி சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். காந்தம் ஒட்டி அணைக்கும் ரேடியோ காலர்களில் ஒரு கூடுதல் கவனம்: காந்தம் நழுவி விழுந்தால் பெட்டிக்குள்ளேயே காலர் விழித்துக்கொண்டு பேட்டரியைத் தின்று தீர்க்கும். காந்தத்தின்மேல் டேப் ஒட்டி வையுங்கள்.

இரவு முழுக்க சார்ஜ் போட்டும் காலையில் ஏறவில்லை.

காலரின் உலோக முனைகளைப் பாருங்கள். சேறும் நாயின் தோல் எண்ணெயும் சேர்ந்து மெல்லிய பழுப்புப் படலமாக ஒட்டியிருக்கும். பென்சில் அழிப்பானால் தேய்த்து, ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விடும். சார்ஜரில் மாட்டியதும் விளக்கு எரிகிறதா என்று ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போவது மிக மலிவான காப்பீடு.

நாய் படுத்திருக்கிறது, புள்ளி மட்டும் 30 மீட்டர் அங்குமிங்கும் தாவுகிறது. பழுதா?

பழுதில்லை. திறந்த வெளியில் ஜிபிஎஸ் பிழை ஐந்து மீட்டருக்குள் இருக்கும். அடர்ந்த மரக்கூரைக்கு அடியிலும் பாறைச் சுவர் ஓரத்திலும் சிக்னல் எதிரொலித்துச் சுற்றிவந்து சேர்வதால் பிழை பல மடங்காகும். படுத்த நாய் ஆன்டெனாவைத் தன் உடலால் மறைத்துக்கொள்வதும் உண்டு. ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்களையும் பிடிக்கும் காலர் குறுகிய பள்ளத்தாக்கில் தெளிவாக மேல். வானத்தின் சிறு கீற்று மட்டுமே தெரியும் இடத்தில் நான்கு செயற்கைக்கோளாவது கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது.

காலையில் முதல் அரைமணி புள்ளி தறிகெட்டு ஓடினால் காரணம் வேறு. காலரை ஆன் செய்த கையோடு நாயை அவிழ்த்துவிட்டிருப்பீர்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளின் பாதை விவரத்தையும் தடையின்றி இறக்க 30 நொடியாகும். எல்லாவற்றின் அட்டவணையும் முழுசாக வர 12.5 நிமிடம். வெகுதூரம் பயணித்து வந்த பிறகு காலருக்குப் பழைய தகவல் உதவாது. வண்டியிலிருந்து இறங்கியதும் காலரைக் கூரைமேல் திறந்த வானில் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்; 15 நிமிடம் கழித்து நாய்க்கு மாட்டுங்கள்.

‘மரத்தடியில் நிற்கிறது’, ‘பாயிண்ட் செய்கிறது’ என்ற குறிகளை நம்பலாமா?

ஒரு துப்பாக மட்டும். ‘மரத்தடி’ என்றால் இரையை மரத்தில் ஏற்றிவிட்டு நாய் அடியில் நிற்கிறது, ‘பாயிண்ட்’ என்றால் இரை இருக்கும் பக்கம் பார்த்து அசையாமல் நிற்கிறது என்று பொருள். காலருக்குள் இருக்கும் அசைவு உணரி கழுத்தின் சாய்வையும் நடமாட்டத்தையும் வைத்து ஊகிக்கிறது. தண்ணீர் குடிக்க நிற்கும் நாயையும், வேலியில் மாட்டிக்கொண்ட நாயையும் அது ‘பாயிண்ட்’ என்றே சொல்லும். ஐந்து நிமிடத்துக்குமேல் ஒரே இடத்தில் ‘பாயிண்ட்’ காட்டினால் நல்ல சேதி என்று காத்திராமல் போய்ப் பாருங்கள்.

அம்புக்குறி ஒரு பக்கம் காட்டுகிறது, குரைப்பு வேறு பக்கம் கேட்கிறது.

காதை நம்புங்கள். கைக்கருவியின் மின்னணுத் திசைகாட்டி குழம்பியிருக்கிறது. வண்டி, துப்பாக்கிக் குழல், போன் உறையில் இருக்கும் காந்தம் எல்லாம் அதைக் கெடுக்கும். இரும்பிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நின்று, திரை சொல்லும் வரிசைப்படி கருவியைச் சுற்றித் திருப்பித் திசையமைப்பு செய்யுங்கள். பேட்டரி மாற்றிய பிறகும், தொலைதூரம் பயணித்த பிறகும் இது தேவை. உடனடிச் சந்தேகத்துக்கு வரைபடத்தைப் பாருங்கள். அங்கே காட்டும் இடம் திசைகாட்டியைச் சார்ந்ததில்லை.

காலரை எப்படி மாட்ட வேண்டும்?

பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. கனமான பெட்டி தொண்டைக்குக் கீழே, ஜிபிஎஸ் பகுதி பிடரிமேல், ரேடியோ ஆன்டெனா வானம் நோக்கி. தளர்ந்த பட்டை புதரில் சுழன்று ஜிபிஎஸ்ஸைத் தரைப்பக்கம் திருப்பிவிடும். நாயின் உடல் பெரும்பாலும் தண்ணீர்; அது சிக்னலை நன்றாகவே மறைக்கும். மாட்டியவுடன் பாராமல், நாய் பத்து நிமிடம் ஓடி மூச்சிரைத்து வந்தபின் இன்னொருமுறை பாருங்கள். தலையை ஆட்டி உதறிய பிறகுதான் பட்டையின் உண்மையான தளர்வு தெரியும்.

எடையும் முக்கியம். 280 கிராம் காலர் 15 கிலோ நாய்க்கு உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு; ஏழு கிலோ நாய்க்கு நான்கு சதவீதம், அதற்கு வேலை முழுதும் பாரம்தான். தோலில் முனை அழுந்தும் பயிற்சிக் காலரானால் 12 மணி நேரத்துக்குமேல் ஒருபோதும் விடாதீர்கள், அழுத்தப் புண் வரும். எந்தக் காலரானாலும் இரவில் கழற்றி, மயிரை விலக்கித் தோலைப் பாருங்கள்.

வாட்டர்ப்ரூஃப் என்றால் நீந்தலாமா?

நீந்தலாம். ஐபிஎக்ஸ்7 என்பது ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பது. உப்பு நீருக்கும், குழாயில் பீய்ச்சியடிக்கும் நீருக்கும் அந்தத் தரம் பேசவில்லை. பேட்டரி மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு நாய்மயிர் சிக்கினாலே தண்ணீர் இறங்க வழி கிடைத்துவிடும். ஆன்டெனா முழுகியிருக்கும்வரை சிக்னல் வராது, ஆற்றைக் கடக்கும் நாய் சற்றே மறைவது அதனால்தான்.

வளைக்குள் இறங்கும் நாய்க்கு இந்தக் காலர்கள் எதுவும் உதவாது, மண் இரண்டு அலையையும் தடுத்துவிடும். அதற்குக் குறைந்த அதிர்வெண்ணில் இயங்கி, சில மீட்டர் ஆழம்வரை காட்டும் தனிவகைக் காலர் உண்டு.

பல குழுக்கள் ஒரே காட்டில் இருக்கும்போது நாய்கள் திரையில் வந்து வந்து மறைகின்றன.

ஒரே சானலில் பல காலர்கள் ஒரே நொடியில் பேசினால் செய்திகள் மோதி இரண்டும் கெடும். நாய்களைச் சானல்வாரியாகப் பிரியுங்கள், இடைவெளியை 2.5 நொடியிலிருந்து 10 நொடியாக்குங்கள், பக்கத்துக் குழுவோடு காலையிலேயே அடையாள எண்களை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வண்டியில் செருகிய மலிவான யுஎஸ்பி சார்ஜரும் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். அதைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள்.

‘பீப்’ காலரைத் திசை ஆன்டெனாவால் தேடும் முறை?

நாய் நிற்கும் என்று வைத்து ஆன்டெனாவின் குச்சிகளைச் செங்குத்தாகப் பிடியுங்கள். ரிசீவரின் உணர்திறனை முழுக்க ஏற்றி மெதுவாக ஒரு முழுச் சுற்று. சத்தம் கூடிய திசையில் உணர்திறனைக் குறைத்துக்கொண்டே வந்தால் திசை குறுகும். நேர் பின்னாலும் திருப்பிப் பாருங்கள், பின்பக்கமும் ஓரளவு கேட்கும் என்பதால் ஏமாறுவது எளிது. திசையை வரைபடத்தில் கோடாக இழுத்து, பக்கவாட்டில் நகர்ந்து இன்னொரு கோடு. கோடுகள் 90 டிகிரிக்கு நெருங்கி வெட்டினால் நல்லது. ஐந்து டிகிரி பிழை ஒரு கிலோமீட்டரில் 87 மீட்டர் தள்ளிவிடும், ஆகவே மூன்றாவது கோடும் போடுங்கள். அருகில் வந்தபின் ஆன்டெனாவைக் கழற்றி ரிசீவரை நெஞ்சோடு அணைத்துச் சுற்றுங்கள். சத்தம் தேயும்போது நாய் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது.

சிம் போட்ட டிராக்கர், புளூடூத் வில்லை, மைக்ரோசிப் போதாதா?

சிம் டிராக்கர் மொபைல் டவர் கிடைக்கும் இடத்தில் நன்று, கிடைக்காத காட்டில் பேசாது. பழைய 2ஜி மாடல் வாங்கும்முன் அந்த நெட்வொர்க் இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். புளூடூத் வில்லை பக்கத்தில் யாராவது போனோடு போனால்தான் சேதி சொல்லும். நாயின் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் தேடும் கருவியே அல்ல, ஸ்கேனரைச் சில சென்டிமீட்டரில் காட்டினால் எண்ணைத் தரும். ஆனால் காலர் கழன்று விழுந்த நாயை உங்களிடம் சேர்ப்பது அதுதான். சிப்பும், தொலைபேசி எண் பொறித்த தகடும் கட்டாயம்.

வெளிநாட்டில் வாங்கிய காலரைப் பயன்படுத்தலாமா?

அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க மாடல்கள் பல 151 முதல் 154 மெகாஹெர்ட்ஸ்வரை உள்ள ஐந்து உரிமம் தேவையில்லாத சானல்களில், 2 வாட்டுக்குள் இயங்குகின்றன. அதே சானல் வேறு நாட்டில் அவசர சேவைக்கு ஒதுக்கப்பட்டிருக்கலாம். உள்ளூர் அனுமதி இல்லாத காலரை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள்.

சீசனுக்கு முன் எப்படிச் சோதிப்பது?

மேசைமேல் வைத்துச் சோதிக்காதீர்கள். காலரை நாய்க்கோ, நாயின் உயரத்தில் பிடித்து நடக்கும் ஒருவருக்கோ கொடுத்து 200 மீட்டர், 500 மீட்டர், ஒரு கிலோமீட்டர் என்று நிறுத்தி, ஒவ்வொரு இடத்திலும் சிக்னல் அளவையும் செய்தியின் வயதையும் எழுதுங்கள். எல்லாக் காலர்களையும் ஒரே பாதையில் சோதியுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட முன்னதாக அறுந்தால் அதன் ஆன்டெனாவைப் பாருங்கள். பிறகு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மூடியோரம் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். கைக்கருவி பழையதானால் மென்பொருளையும் புதுப்பியுங்கள்: ஜிபிஎஸ்ஸின் வார எண்ணிக்கை 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6-இல் திரும்பியபோது புதுப்பிக்காத பழைய கருவிகளில் தேதி குழம்பியது.

சிக்னல் முழுக்கப் போய்விட்டது. இப்போது என்ன செய்வது?

கைக்கருவியை அணைக்காதீர்கள், காலரைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். கடைசி இடமும் நேரமும் தெரியும் திரையைப் போனில் படமெடுங்கள். பேட்டரி அப்போது எத்தனை சதவீதம் காட்டியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 70 சதவீதத்தில் மறைந்த நாய் பெரும்பாலும் ஒரு மேட்டுக்குப் பின்னால் இருக்கிறது, 8 சதவீதத்தில் மறைந்த நாயின் காலர் அணைந்திருக்கிறது.

நாய் போன போக்கை வைத்து அடுத்த முகட்டை யோசித்து, பக்கத்தில் இருக்கும் உயரமான இடத்துக்கு ஏறுங்கள். கைக்கருவியைத் தலைக்குமேல், ஆன்டெனா செங்குத்தாக இருக்கும்படி உயர்த்தி, ஐந்து நிமிடம் நில்லுங்கள். சில மாடல்கள் சார்ஜ் குறைந்ததும் தாமாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு செய்தி என்று மாறிக்கொள்ளும். அரை நிமிடம் பார்த்துவிட்டு இறங்கினால் அதைத் தவறவிடுவீர்கள். ஒன்றும் வரவில்லையென்றால் அடுத்த மேடு. அங்கும் இல்லையென்றால் கடைசிப் புள்ளிக்கே நடந்து போய், நின்று, கூப்பிட்டு, பேசாமல் காது கொடுங்கள். வளை, கிணறு, பாலத்தடிக் குழாய், கம்பி வேலி இவற்றை முதலில் பாருங்கள்.

இருட்டிவிட்டால், நாயை அவிழ்த்துவிட்ட அதே இடத்தில், அன்று முழுக்க நீங்கள் போட்டிருந்த சட்டையைத் தரையில் விரித்து, பக்கத்தில் தண்ணீர் வையுங்கள். வழிதவறிய நாய்கள் பல, இரவு அடங்கியபின் தம் தடத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு அங்கேதான் திரும்பும். விடிவதற்கு முன் அங்கே போய், வண்டி விளக்கைப் போடாமல் மெதுவாக நெருங்குங்கள்.